ஓர் ஏரி, இரண்டு விசுவாவசு

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. பழவேற்காடு ஏரியின் தென்கோடியில், கோட்டைக்குப்பத்தில் அன்று ஒரு பிள்ளை பிறந்திருந்தால், ஜாதகக் குறிப்பில் ‘குரோதி வருஷம், பங்குனி மாதம்’ என்று எழுதியிருப்பார்கள். அதே நாள், அதே நாழிகையில் ஏரியை ஒட்டிய ஆந்திர ஊரான தடாவில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதன் குறிப்பில் ‘விசுவாவசு நாம சம்வத்சரம், சைத்ர மாதம்’ என்றிருக்கும். தண்ணீர் ஒன்று, மேலே காயும் நிலவு ஒன்று, அறுபது ஆண்டுகளின் பெயர் வரிசையும் ஒன்றுதான். இருந்தும் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு ஆண்டுகள்.

பஞ்சாங்கம் எழுதியவர் யாரும் தப்புச் செய்யவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் விசுவாவசு பிறந்தது 2025 ஏப்ரல் 14 அன்று. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அது மார்ச் 30 அன்றே, உகாதியோடு பிறந்துவிட்டது. இடைப்பட்ட 15 நாட்களுக்கு ஒரே ஏரிக்கரையில் இரண்டு ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதே நாட்களில் சீனாவில் பிறந்த பிள்ளைகள் பாம்பு ஆண்டுக்காரர்கள். அங்கேயும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று பிறந்த குழந்தைக்குப் ‘பாம்பு’ பொம்மை வாங்கிப் போனால் பாட்டி முகம் சுளிப்பார். அந்தக் குழந்தை டிராகன். பாம்பு ஆண்டு பிறந்தது ஜனவரி 29 அன்றுதான். உணவகங்களில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதங்களில் ‘2025 – பாம்பு’ என்று ஒற்றை வரியில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிறந்த பலர் தம்முடையதல்லாத விலங்கைத் தம்முடையதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டுக்குப் பெயர் வைப்பது எளிது. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு. முடிந்ததும் மறுபடி எலி. ஆங்கில ஆண்டிலிருந்து 3-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் மிஞ்சுவது விலங்கின் வரிசை எண். 2025-ல் 3 போக 2022, மீதி 6, ஆறாவது பாம்பு. மீதி இல்லாவிட்டால் பன்றி. தமிழ் ஆண்டுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது: 6-ஐக் கழித்து 60-ஆல் வகுக்க வேண்டும். 2025-க்கு 39 மிஞ்சும். பிரபவவிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்பதாவது விசுவாவசு.

சிக்கல் பெயரில் இல்லை. ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. அதற்கு நிலவிடம் போக வேண்டும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு நிலவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர்க் காயல் இது. ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அட்டமியை ஒட்டி இரண்டும் செங்குத்தாக இழுக்க, நீரோட்டம் தளர்ந்துவிடும். ஓதம் ஏறும் நேரமோ நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறாலுக்கும் மீனுக்கும் வலை வைப்பவருக்கு இன்று ஏப்ரல் 5 என்பதைவிட, அமாவாசை போய் எட்டாம் திதி என்பதுதான் பயன்படும் தகவல். இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், யார், எப்போது வலை வைப்பது என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதே ‘பாடு’ என்ற பெயரில் இருக்கிறது.

ஆக, நிலவு நல்ல கடிகாரம். ஆனால் ஆண்டை அளக்க உதவாத கடிகாரம்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள். பன்னிரண்டு அமாவாசை கூடினால் 354 நாள்தான் வருகிறது. சூரியனைச் சுற்றிவரப் பூமிக்கு 365 நாளும் கொஞ்சமும் ஆகிறது. ஆண்டுக்குப் பதினோரு நாள் குறைகிறது. இந்தப் பதினோரு நாளை என்ன செய்வது என்பதில்தான் உலகத்து நாட்காட்டிகள் எல்லாம் பிரிந்துபோயின. அத்தனை விடைகளையும் பழவேற்காட்டிலேயே பார்த்துவிடலாம் என்பது இந்த ஊரின் விசேஷம்.

குறைந்தால் குறையட்டும் என்று விடுவது ஒரு வழி. இஸ்லாமிய ஹிஜ்ரி நாட்காட்டி அப்படித்தான். பழவேற்காட்டு முஸ்லிம் தெருக்களில் ரமலான் நோன்பு சுமார் 33 ஆண்டுகளில் கோடை, மழை, பனி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். (அந்த ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க ஒரு சூரியக் கடிகாரமும் இருக்கிறது. மாதத்துக்கு நிலா, வேளைக்குச் சூரியன் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.) நிலவை ஒதுக்கிவிட்டுச் சூரியனை மட்டும் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. தமிழ் ஆண்டும் ஆங்கில ஆண்டும் இந்த வகை. மூன்றாவது வழியில், மாதத்தை நிலவிடம் விட்டுவிட்டு, பற்றாக்குறை ஒரு மாத அளவுக்குச் சேர்ந்ததும் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் செருகிவிடுவார்கள். 19 ஆண்டுகளில் ஏழு முறை செருகினால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். சீனர்களும் தெலுங்கர்களும் பிடித்திருப்பது இந்த வழியை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து பழவேற்காட்டில் இருக்கும் மகிமை மாதா கோயிலின் ஈஸ்டர் தேதியும், மார்ச் 21-க்குப் பிந்தைய முழுநிலவைத் தேடிப் போகும் இதன் தூரத்துச் சொந்தம்தான்.

சரி, எந்த மாதத்தில் செருகுவது? இங்கேதான் ஆச்சரியம். சீனாவும் ஆந்திரமும் ஒரே விதியைக் கையாளுகின்றன. வானத்துச் சூரியப் பாதையை 30 பாகை வீதம் பன்னிரண்டாக வகுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கோட்டையும் சூரியன் தாண்டும் கணத்துக்கு நாம் சங்கிராந்தி என்கிறோம். சீனர்கள் ‘ஜோங்சி’ என்கிறார்கள். இரண்டு அமாவாசைகளுக்கு நடுவே சூரியன் எந்தக் கோட்டையும் தாண்டாமல் போனால், அந்த மாதம் கூடுதல் மாதம். நம்மூரில் அதற்கு அதிக மாசம் என்று பெயர்.

விதி ஒன்றாக இருந்தும் விடை வேறாக வருவதற்கு, முதல் கோட்டை எங்கே போடுவது என்பதில் உள்ள வேறுபாடு காரணம். சீனர்கள் பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21-ஐ வைத்துக் கோடு போடுகிறார்கள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துப் போடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்ல ஆடுவதால் இந்த இரண்டு கோடுகளும் சுமார் 24 பாகை விலகிப்போயிருக்கின்றன. நம் மேஷச் சங்கிராந்தி ஏப்ரல் 14-க்கு வந்து நிற்பது அதனால்தான். டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோது, அவர்களுடைய நாட்காட்டிப்படி சித்திரை முதல் நாள் இன்றைக்கிருப்பதைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே வந்திருக்கும்.

2023-ல் இது கண்ணெதிரே நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 21 இரவு 11 மணிக்குச் சற்று முன் அமாவாசைக் கணம் கடந்தது. பெய்ஜிங் கடிகாரத்தில் அப்போது மார்ச் 22 பிறந்துவிட்டது. ஆக, இரண்டு நாடுகளிலும் மார்ச் 22 அன்று புது மாதம் பிறந்தது. சீனாவில் அந்த மாதத்துக்குள் எந்தக் கோடும் விழவில்லை. ஒன்று முந்தின நாளிலும் அடுத்தது ஏப்ரல் 20-லும் போய் விழுந்தன. எனவே அது வெறும் ‘கூடுதல் இரண்டாம் மாதம்’ ஆயிற்று. ஆந்திரத்தில் அதே மாதத்தின் நடுவே, ஏப்ரல் 14 அன்று, சூரியன் மேஷத்தில் நுழைந்தது. எனவே அது முறையான சைத்ர மாதம். அதன் முதல் நாள் உகாதி. சூலூர்ப்பேட்டையில் வேப்பம்பூப் பச்சடி கலக்கிய அதே காலையில், சீனாவில் எந்தப் பண்டிகையும் இல்லாத உபரி மாதம் ஒன்று தொடங்கியது. தெலுங்குக்காரர்களின் உபரி மாதம் அதே ஆண்டு ஜூலை 18 வரை காத்திருந்து வந்தது.

புத்தாண்டுக்குச் சீனர்கள் பிடித்துக்கொள்ளும் நங்கூரம், டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும் மிகக் குறுகிய பகல். அது விழும் மாதம் எப்போதும் பதினோராம் மாதம். அதிலிருந்து எண்ணினால், பெரும்பாலும் அதற்குப் பின் வரும் இரண்டாவது அமாவாசை நாள் புத்தாண்டு. அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே ஊசலாடும். அமாவாசைக் கணம் எந்தத் தேதியில் விழுகிறதோ அந்தத் தேதியே மாதத்தின் முதல் நாள். இரவு பதினொன்றரைக்கு விழுந்தாலும் சரி. தெலுங்குப் பஞ்சாங்கம் சூரிய உதயத்தைப் பார்க்கும். உதயத்தின்போது பிரதமை இருந்தால் அந்த நாள் பிரதமை. 2026 மார்ச் 19 அன்று இது வேடிக்கையாகிவிட்டது. காலை 6.53-க்குத்தான் அமாவாசை முடிந்தது. அதற்குள் சூரியன் உதித்துவிட்டது. மறுநாள் உதயத்துக்கு முன்பே பிரதமை முடிந்துபோனது. எந்த உதயத்தையும் பார்க்காமலே போன பிரதமை அது. அப்படியானால் அந்த மார்ச் 19-ஐயே உகாதியாகக் கொள்வது என்று விதி உண்டு, அப்படியே கொண்டாடினார்கள்.

தமிழ்ப் பக்கத்து விதி இதைவிட எளிது. சூரியன் மேஷத்தில் நுழையும் கணம் அன்றைய அஸ்தமனத்துக்கு முன் இருந்தால் அன்றே சித்திரை ஒன்று. அதற்குப் பின் என்றால் மறுநாள். கேரளத்தில் நடுப்பகல் தாண்டிய சிறிது நேரத்தோடு கணக்கு முடிந்துவிடும். 2023-ல் சங்கிராந்தி பிற்பகலில் வந்ததால் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14 ஆகவும் விஷு ஏப்ரல் 15 ஆகவும் ஆனது. இதற்கு நடுவில் தமிழக அரசு 2008-ல் தை முதல் நாளையே புத்தாண்டாக்கிச் சட்டம் போட்டு, 2011-ல் அடுத்து வந்த அரசு அதை நீக்கிய கதையும் உண்டு. அது வானியலைச் சேர்ந்ததல்ல.

ஆக, உகாதிக்கும் சித்திரை ஒன்றுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு நீண்டு சுருங்குகிறது. 2024-ல் 5 நாள். 2025-ல் 15 நாள். 2026-ல் 26 நாள். மார்ச் 19 முதல் ஏப்ரல் 13 வரை தடாவில் பராபவ, பழவேற்காட்டில் விசுவாவசு. இதற்கு மேல் நீள விட்டால் உகாதி மாசிக்குள் நழுவிவிடும். அதனால்தான் 2026 மே 17 முதல் ஜூன் 15 வரை ஓர் அதிக மாசம். அதைச் செருகியதும் 2027 உகாதி ஏப்ரல் 7-க்குத் தள்ளிப்போகிறது. இடைவெளி ஏழே நாள்.

தெலுங்கு விசுவாவசுவுக்கு 354 நாள்; தெலுங்குப் பராபவவுக்கு 384 நாள். சீனர்களின் டிராகன் ஆண்டுக்கும் 354 நாள்தான். அதையடுத்த பாம்பு ஆண்டுக்கு 384. எண்கள் அச்சாக ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே நிலவின் கணக்கு.

தமிழரைப் போலச் சூரியனை மட்டும் பிடித்துக்கொள்ளும் கட்சியும் சீனாவிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிறந்த நாழிகையை வைத்துப் பலன் சொல்லும் சீன ஜோதிடர்கள் பலர் நிலவுப் புத்தாண்டைப் பொருட்படுத்துவதில்லை. சூரியன் ‘வசந்தத் தொடக்கம்’ என்ற புள்ளியைத் தொடும் பிப்ரவரி 4-ஐ ஒட்டிய நாளில்தான் அவர்களுக்கு விலங்கு மாறும். 2024 பிப்ரவரி 10-ல் பிறந்து 2025 ஜனவரி 28-ல் முடிந்த டிராகன் ஆண்டுக்குள் அந்தப் புள்ளி ஒரு முறைகூட வரவில்லை. அப்படிப்பட்ட ஆண்டைக் ‘கைம்பெண் ஆண்டு’ என்று சொல்லித் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அடுத்து வந்த பாம்பு ஆண்டில் அந்தப் புள்ளி இரண்டு முறை வந்தது. ஒரு குட்டை ஆண்டுக்கும் நெட்டை ஆண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு கல்யாணத்தை நிறுத்துமென்றால், அந்தத் தோஷம் 29.53 என்ற எண்ணின் தோஷம்தான்.

பன்னிரண்டும் அறுபதும் எங்கிருந்து வந்தன? இரண்டு நாட்டிலும் ஆதி சாட்சி வியாழன். வானத்தை ஒருமுறை சுற்றிவர அதற்கு 11.86 ஆண்டு; ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு ராசி. பழைய சீனர்கள் வியாழனை ‘ஆண்டு நட்சத்திரம்’ என்றே அழைத்தார்கள். நாம் பிரகஸ்பதி வருஷம் என்றோம். ஆனால் 11.86 என்பது 12 அல்ல. சுமார் 85 ஆண்டுக்கு ஒருமுறை வியாழன் கணக்கைவிட ஒரு ராசி முந்திவிடும். சீனர்கள் கொஞ்ச காலம் அதற்காக ஓர் ஆண்டைத் தாண்டிப் பார்த்துவிட்டு, கி.பி. முதல் நூற்றாண்டில் வியாழனைக் கைவிட்டு வெறுமனே எண்ணத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவும் பிற்பாடு அதையே செய்தது. வட இந்தியப் பஞ்சாங்கங்கள் பழைய வழக்கப்படி ஒரு பெயரைத் தாண்டியே வந்ததால், இன்று அவர்களுடைய ஆண்டுப் பெயர் நம்முடையதைவிட ஒரு டஜன் பெயருக்கு மேல் முன்னே போய்விட்டது. காசியில் விசுவாவசு எப்போதோ போய்விட்டது.

சீனர்கள் அறுபதை எட்டியது வேறு வழியில். பன்னிரண்டு விலங்குகளோடு பத்துக் குறிகளைச் சேர்த்துச் சுழற்றினார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. பத்தும் பன்னிரண்டும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப அறுபது ஆண்டு ஆகும். அவர்களுடைய இப்போதைய சுற்று 1984-ல் மர எலியோடு தொடங்கியது. நம்முடையது 1987 ஏப்ரலில் பிரபவவோடு. முன்பு சொன்ன வாய்பாட்டில் அங்கே 3-ம் இங்கே 6-ம் கழித்தது இந்த மூன்று ஆண்டு வித்தியாசத்தால்தான்.

இரண்டையும் முறைப்படி முடிச்சுப் போட்டவர்கள் திபெத்தியர்கள். காலசக்ர நூல் இந்தியாவிலிருந்து போனபோது கூடவே அறுபது சம்வத்சரமும் போனது. 1027-ஐ முதலாகக் கொண்டு அவர்கள் எண்ணும் அறுபதுக்கு ‘ரப்சுங்’ என்று பெயர். பிரபவ என்ற சொல்லின் திபெத்திய மொழிபெயர்ப்பு அது. விலங்குக் கணக்கில் அது நெருப்பு முயல் ஆண்டு. 1027-லிருந்து பதினாறு அறுபது எண்ணினால் 1987; நம் பிரபவவும் அதே ஆண்டு. ஆகவே தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கு ஏற்கெனவே இருக்கிறது. குரோதி மர டிராகன். விசுவாவசு மரப் பாம்பு. பராபவ நெருப்புக் குதிரை.

எல்லைக்கோடு ஆண்டை மாற்றும் கூத்துப் பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதல்ல. சீன விதியையே பின்பற்றும் வியட்நாம், அமாவாசைக் கணத்தைத் தன் கடிகாரத்தில் பார்க்கிறது. ஒரு மணி நேர வித்தியாசம்தான். 1985-ல் அந்த ஒரு மணி நேரம் சூரியக் கோட்டை ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு மாற்றிப் போட்டுவிட, வியட்நாமில் ஜனவரி 21 அன்றும் சீனாவில் பிப்ரவரி 20 அன்றும் புத்தாண்டு வந்தது. விலங்கும் அங்கே கொஞ்சம் வேறு: முயலுக்குப் பதில் பூனை, எருதுக்குப் பதில் எருமை.

பழவேற்காட்டுக்கே இதைவிடப் பழைய அனுபவம் உண்டு. டச்சுக் கம்பெனி இங்கே புதிய கிரிகோரியன் நாட்காட்டியை வைத்திருந்தது. தெற்கே, 1639-க்குப் பின் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆண்டையும் மார்ச் 25-ல்தான் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் பிப்ரவரி 20 என்று தேதியிட்ட கடிதம் அன்றே சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அங்கே பிப்ரவரி 10. அதுவும் முந்தைய ஆண்டின் பிப்ரவரி. 1752 செப்டம்பரில், அதற்குள் பத்திலிருந்து 11 ஆகிவிட்ட வித்தியாச நாட்களை ஆங்கிலேயர் வெட்டியெறியும் வரை இது நீடித்தது.

பழவேற்காட்டுக் கைலி அந்த டச்சுக் கப்பல்களிலும் கிழக்கே போனது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘பெலிக்காட்’ என்று இந்த ஊர்ப் பெயர்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. அங்குள்ள தமிழ் வீடுகளில் ‘நீ எந்த விலங்கு?’ என்பது சாதாரணக் கேள்வி. பதில் சொல்லுமுன், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவர்கள் தம் பிறந்த ஆண்டின் சீனப் புத்தாண்டுத் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 1987-ல் அது ஜனவரி 29. அதற்கு முந்தின நாள் பிறந்தவர் புலி. அன்று பிறந்தவர் முயல். தமிழ்க் கணக்கில் இருவருக்கும் அட்சய வருஷம்தான். பிரபவ பிறக்க இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.